ஏட்டுப் பறங்கிக்காய்

சந்தியாகு சார் செத்த மறு வருசம், அவரு கடைசியா வேலை பாத்த பள்ளிக்கூடத்துல அவரு போட்டோவைச் சுவத்துல மாட்டினாங்க. எனக்கும் சொல்லி விட்டிருந்தாங்க. இருக்கறதுல நல்ல சேலையா எடுத்துக் கட்டிக்கிட்டுப் போனேன். மாலை போட்டாங்க, பேசினாங்க, கலர் தண்ணி குடுத்தாங்க. போட்டோவுக்குக் கீழ ரெண்டு வரி எழுதியிருந்துச்சு. எனக்குப் படிக்க வராது. எம்மவ பிரேமாவதிதான் வாசிச்சுச் சொன்னா: "தோட்டக்கலை ஆசிரியர். பறங்கிக்காய் வளர்ப்பில் கைதேர்ந்தவர்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பறங்கிக்காயாமில்ல! அந்த மனுசனுக்குப் பறங்கிப் பூவுல ஆண் பூ எது, பொண் பூ எதுன்னு காட்டிக் குடுத்ததே நான்தான். அவரு படிச்ச படிப்பு வேற. அது என்னன்னு சொல்ல இன்னிக்கு என்னை விட்டா ஆளு கிடையாது, நானோ கைநாட்டு. விதியைப் பாருங்க. கோவத்தோடதான் சொல்லப் போறேன், பொறுத்துக்கிட்டுக் கேளுங்க.

எங்க ரப்பர் தோட்டம் மலாய் நாட்டுல மெர்போக் பக்கம். துரை வெச்ச பேரு வாயில நுழையாது, நாங்க மூங்கில்காட்டுத் தோட்டம்னு சொல்லுவோம். அங்க ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கற டிரெசர் ஒருத்தர் இருந்தாரு, மாதா கோயிலுக்குப் போற வேதக்காரரு. அவருக்கு ஒரே மவன் சந்தியாகு. பினாங்குல பிரெஞ்சுச் சாமியாருங்ககிட்ட படிக்கப் போட்டாங்க. அங்கயே பிரெஞ்சும் லத்தீனும் ஒட்டிக்கிச்சு. அப்புறம் மலாக்காவுல வாத்தியார் வேலை. அங்க கடலோரமா பறங்கிக்காரங்க குடியிருக்காங்க. நாநூறு வருசத்துக்கு முந்திக் கப்பல்ல வந்த போர்த்துக்கீசியன் வம்சம், மீன் பிடிக்கற சனம். அவங்க பேசறதைக் கேட்டே இவருக்குக் கிறுக்குப் பிடிச்சுப் போச்சு. அவங்க கோயில் சாமியார்கிட்ட உக்காந்து ஏழு வருசம் அந்தப் பறங்கிப் பாஷையைக் கரைச்சுக் குடிச்சாரு.

பாஷை மட்டும் இல்ல. அறுநூறு, எழுநூறு வருசத்துக்கு முந்தி அந்த நாட்டுல பாடின பாட்டுங்கதான் அவருக்கு உசுரு. எல்லாம் பொம்பளை பாடற மாதிரி இருக்குமாம். கடலுக்குப் போனவன் வரலையேன்னு கரையில காத்துக்கிட்டு நிக்கிற பொம்பளைங்க. நம்ம தமிழ்லயும் நெய்தல்னு பேரு வெச்சு அதே அழுகையைத்தான் ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி அழுது வெச்சிருக்காங்களாம். ஒருத்தரை ஒருத்தர் பாக்காத ரெண்டு கரை, எப்படி ஒரே மாதிரி அழுதுச்சுன்னு அவரு ஒரு ஆராய்ச்சி எழுதினாரு. பறங்கிப் பாஷையிலயே எழுதினாரு. நூத்தறுபதுச் சொச்சம் தாள், ஒரு பக்கம் மட்டும் எழுதி, மறுபக்கம் வெறுமனே விட்டது. அப்படித்தான் குடுக்கணும்னு அங்க சட்டமாம்.

லிஸ்பன்னு அவங்க ஊரு. அங்க பெரிய காலேஜ் வாத்தியார் ஒருத்தரோட கடுதாசியிலயே சிநேகம். "முடிச்சு எடுத்துக்கிட்டு வா, உனக்கு இங்க ஒரு நாற்காலி இருக்கு"ன்னு அவரு எழுதிட்டாரு. ரெண்டு வருசத்துல பட்டம், அப்புறம் அங்கயே பாடம் சொல்லிக் குடுக்கற வேலை. நெனச்சுப் பாருங்க, தோட்டத்து டிரெசர் மவன் வெள்ளைக்காரனுக்கு வெள்ளைக்காரன் பாட்டையே சொல்லிக் குடுக்கப் போறான்! நாப்பத்திரெண்டு சனவரியில கப்பல் டிக்கெட்டு. நாப்பத்தொண்ணு டிசம்பர்ல ஜப்பான்காரன் வந்து இறங்கிட்டான்.

கப்பலும் போச்சு, பள்ளிக்கூடமும் மூடியாச்சு. டிரங்குப் பெட்டி ஒண்ணோட தோட்டத்துக்கு வந்து சேந்தாரு. வந்து பாத்தா அப்பா செத்து ரெண்டு வாரம். தந்தி கூடப் போகலை. டிரெசர் வீட்டுல தனியாளா இருந்தாரு. அப்ப அவருக்கு முப்பத்தொரு வயசு, கல்யாணம் ஆகலை. லயத்து வீட்டுக் கூலி ஆளுங்க மரியாதையா ஒதுங்கிப் போவாங்க, கணக்கெழுதற கிராணிமாருங்க பயத்துல ஒதுங்கிப் போவாங்க. இங்கிலீசு படிச்சவன் பக்கத்துல நின்னாலே ஆபத்துங்கற காலம். அவரு ரப்பர் பால் எடுக்கற வெட்டுக்காட்டு ஓரமா நடந்துக்கிட்டே அந்தப் பாஷையில தனக்குத் தானே பேசுவாரு. பேசறதுக்கு ஆளு இல்லாட்டி பாஷை செத்துப் போயிரும் செல்லாயின்னு பின்னால ஒருநாள் என்கிட்ட சொன்னாரு. அன்னிக்கு எங்களுக்கு என்ன தெரியும், புத்தி கலங்கிருச்சுன்னு நெனச்சோம்.

சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆளு பிடிச்ச கதை உங்களுக்குத் தெரியும், போனவங்க பாதிப் பேரு திரும்பலை. எங்க தோட்டத்துல நாப்பத்தி மூணு மே மாசம். எல்லாரையும் காலையில பேரு கூப்பிடற பெரட்டுக் களத்துல வரிசையா நிறுத்திட்டான். கண்ணாடி போட்ட ஒல்லி ஆபீசர் ஒருத்தன், அவன் பக்கத்துல மலாய் பேசற மொழிக்காரன் ஒருத்தன். ஒவ்வொரு ஆம்பளையையும் காட்டி, இவன் என்ன வேலைன்னு கேக்கறான். எங்களை வேலை வாங்கற அம்மாசிக் கங்காணிதான் பதில். பால் வெட்டறவனா, லாரியில ஏறு. புல்லு வெட்டறவனா, லாரியில ஏறு. சந்தியாகு சார்கிட்ட வந்து நின்னான். அவரு பக்கத்துல எம்புருசன் முருகையா. பொம்பளைங்க வரிசையில நான் எதுத்தாப்பல நிக்கறேன்.

அம்மாசிக்குத் தெரிஞ்சதெல்லாம், இந்தாளு பறங்கிப் படிப்பு படிச்சவரு. அது பாஷையா, காயா, அவருக்கு யாரு சொன்னா? மலாய்ல எப்படிச் சொல்றதுன்னு முழிச்சாரு. "பறங்கி... பறங்கி பெலாஜார்"னாரு, பறங்கி படிச்சவருன்னு.

"பெரிங்கியா? லாபு பெரிங்கியா?"ன்னான் மொழிக்காரன். மலாய்க்காரங்களும் அந்தக் காய்க்கு அந்தப் பேருதான் வெச்சிருக்காங்க. நமக்குக் காயைக் கொண்டாந்தவனும் பறங்கி, அவங்களுக்குக் கொண்டாந்தவனும் பறங்கி.

அம்மாசிக்கு உசுரு வந்துச்சு. "யா துவான்! லாபு, லாபு! பெசார் செகோலா!" பெரிய பள்ளிக்கூடத்துல பறங்கிக்காய் படிச்சவராம்!

மொழிக்காரன் அதை ஜப்பான் பாஷையில சொன்னான். கண்ணாடிக்காரன் மூஞ்சி மலர்ந்துச்சு. ஊரெல்லாம் பட்டினி, அரிசி கிடையாது, இருக்கற மண்ணுல எல்லாம் கிழங்கும் காயும் போடுன்னு மேல இருந்து அவனுக்கு நெருக்கடி. சந்தியாகு சார் "இல்லை, நான்..."னு வாயைத் திறந்தாரு. பொய்யே பேசாத மனுசன், என்ன பண்றது? எம்புருசன் அவரு பாதத்துல ஏறி நின்னான் பாருங்க, ஒரு மிதி! அவரு வாய் மூடிருச்சு. அன்னிக்கு லாரியில நாப்பத்தாறு பேரு போனாங்க. ஆத்தங்கரை ஓரமா ஆறு ஏக்கரும் ஆறு ஆளும் சாருக்குக் குடுத்தான். அந்த ஆறுல முருகையாவும் நானும் உண்டு.

அப்ப ஆரம்பிச்சது கூத்து. விதையைக் குப்புறப் போடணுமா மல்லாக்கப் போடணுமான்னு கேட்டாரு அந்தப் பறங்கிக்காய்ப் பண்டிதரு. கொடி காடாப் படந்துச்சு, மஞ்சள் மஞ்சளாப் பூத்துச்சு, எல்லாம் பொல பொலன்னு கொட்டிப் போச்சு. ஒரு பிஞ்சு நிக்கலை. அவரு தலையில கை வெச்சு உக்காந்துட்டாரு. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க. ஏட்டுப் பறங்கிக்காயும் அப்படித்தான் போலிருக்கு வாத்தியாரய்யா"ன்னு நான் சொன்னேன். அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. அவரு சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தேன்.

விடியக்காலம் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினேன். நீட்டுக் காம்பா இருந்தா ஆண் பூ. பூவுக்கு அடியில குட்டிக் காய் உருண்டையா இருந்தா பொண் பூ. வண்டு வராத இடத்துல நாமதான் ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரிச்சு, பொண் பூவுல தடவி விடணும். அவரு வெக்கப்பட்டுக்கிட்டே தடவினாரு. தடவும்போதெல்லாம் வாய் அந்தப் பாஷையை முணுமுணுக்கும். ஒருநாள் கண்ணாடிக்காரன் பின்னால வந்து நின்னு பாத்திருக்கான். ஏதோ வித்தைன்னு நெனச்சு, தொப்பியைக் கழட்டிக்கிட்டு நின்னானே! மூணு மாசத்துல காய் ஒவ்வொண்ணும் குடம் குடமா நின்னுச்சு.

காயோட விட்டிருந்தா இந்தக் கதையே இல்ல. பெரிய பள்ளிக்கூடத்துல படிச்சவன் இல்லையா, மாசாமாசம் அறிக்கை எழுதிக் குடுன்னான் கண்ணாடிக்காரன். மலாய்ல எழுதணும். இலை எத்தனை அகலம், பூச்சி என்ன பூச்சி, மழை எத்தனை. கடைசியில ஆறு பேரு பேரையும் எழுதி, இவங்க இல்லாட்டி வேலை நடக்காதுன்னு காரணத்தோட கையெழுத்துப் போடணும். பேரு விட்டுப் போனா அந்த ஆளு அடுத்த லாரியில ஏறணும். எட்டுத் தாளுக்குக் குறைஞ்சா கண்ணாடிக்காரன் கையில தூக்கிப் பாத்துட்டு, அவ்வளவுதான் வேலைன்னா ஆறு ஆளு எதுக்கு, நாலு போதுமேம்பான்.

தாளுக்கு எங்க போறது? சண்டைக் காலத்துல பீடி சுத்தக்கூடக் காகிதம் கிடையாது. மொத மாசம் ஆஸ்பத்திரிப் பழைய நோட்டு. அப்புறம் ஆபீசுல கிடந்த சீட்டுங்க. அப்புறம் கோயில் நாள்காட்டி. அதுவும் தீந்துச்சு.

ஒருநாள் மத்தியானம் அவரு வீட்டுக்கு அவிச்ச மரவள்ளிக்கிழங்கு கொண்டு போனேன். டிரங்குப் பெட்டி திறந்து கிடக்கு. மேசையில ஒரு கத்தைத் தாள், ஒரு பக்கம் பொடிப் பொடியா அழகான எழுத்து. அவரு கடைசித் தாளை உருவி, திருப்பிப் போட்டு, வெறும் பக்கத்துல எழுதிக்கிட்டு இருக்காரு. இது என்னன்னு கேட்டேன். அப்பத்தான் எல்லாத்தையும் சொன்னாரு. மலாக்கா, லிஸ்பன், நாற்காலி, கரையில நிக்கிற பொம்பளைங்க, எல்லாம். இதுக்கு வேற பிரதி இருக்கான்னு கேட்டேன். இல்லையாம்.

"அடப் பாவி மனுசா, உங்களுக்குப் பைத்தியமா? பத்து வருசப் பாடு! ஜப்பான்காரன் என்ன சாசுவதமா இருக்கப் போறானா? அவன் போனதும் நீங்க கப்பல் ஏற வேணாமா? வேற எதுலயாவது எழுதுங்க, வாழை மட்டையில எழுதுங்க!"ன்னு கத்தினேன்.

அவரு பேனாவைத் தாளை விட்டு எடுக்கலை. "முருகையா பேரை எங்க எழுதறது, செல்லாயி?"ன்னாரு.

வேணாம்னு நான் அப்பவே தாளைப் பிடுங்கியிருக்கணும்னு நெனைப்பேன். பிடுங்கலை. எம்புருசன் உசுரு எனக்குப் பெருசா இருந்துச்சு. கிழங்கை வெச்சிட்டு வெளியில வந்து அழுதேன்.

பின்னால இருந்துதான் எடுத்தாரு. மொதல்ல கடைசியில இருந்த குறிப்புங்க போச்சு. அப்புறம் முடிவுரை. அப்புறம் ஒவ்வொரு அத்தியாயமா, மாசத்துக்கு எட்டு எட்டாப் போச்சு. ஒவ்வொரு தாளையும் திருப்பறதுக்கு முன்னால ஒரு தடவை சத்தமா வாசிப்பாரு. நான் இருந்தா தமிழ்ல சொல்லுவாரு. ஒரு பாட்டுல ஒருத்தி, போனவனோட சட்டையை வாரா வாரம் ஆத்துல துவைச்சுக் காயப் போடறா, அழுக்கே இல்லாத சட்டையை. "இது எங்க பாப்பம்மா இல்ல!"ன்னு கத்திட்டேன் நான். எங்க லயத்துல பாப்பம்மா, அவ புருசன் மொத லாரியில சயாம் போனவன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவன் காக்கிச் சட்டையைக் கல்லுல அடிச்சுத் துவைப்பா. துவைச்சுத் துவைச்சு அது கிழிஞ்சே போச்சு. சாருக்கு முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. எழுநூறு வருசத்துப் பாட்டைத் தேடி ஏழு வருசம் திரிஞ்சேன், இது என் வீட்டுக்கு நாலாவது வாசல்ல இருந்திருக்கேன்னாரு. ஆனா அதை எழுதி வைக்க அவருக்குத்தான் தாள் இல்லையே.

ஆபீசுக்குப் போன தாள் எல்லாம் சுங்கைப் பட்டாணியில ஒரு கட்டடத்துல கட்டிப் போட்டு வெச்சிருந்தாங்க. சண்டை முடிஞ்சதும் திரும்பக் கேட்டு வாங்கிரலாம்னு அவருக்கு ஒரு நம்பிக்கை. அதுதான் அவரைச் சாப்பிட வெச்சுச்சு, தூங்க வெச்சுச்சு. நாப்பத்தஞ்சு ஆகஸ்டுல ஜப்பான்காரன் தோத்துப் போனான்னு சேதி வந்த அன்னிக்கு, ஊரே ஆடுது, இவரு மட்டும் சைக்கிளை எடுத்துக்கிட்டு ஓடினாரு. சைக்கிளுக்கு டயரு ஏது, ரப்பர் குழாயைச் சுத்தி வெச்சிருந்தது. போய்ச் சேரும்போது கட்டடத்துக்குப் பின்னால இன்னும் புகை. போறதுக்கு முன்னால காகிதம் எல்லாத்தையும் கொளுத்திட்டானுங்க, படுபாவிங்க. அந்த ராசாங்க ரகசியத்தோட எங்க பறங்கிக்காயும் எரிஞ்சுச்சு. அவரு திரும்பி வந்தப்ப கை ரெண்டும் கரி.

மிச்சம் ஒரே ஒரு தாள். அந்த ஆகஸ்டு மாச அறிக்கைக்குன்னு எடுத்து, குடுக்காம நின்னு போனது. பின்னால இருந்தே எடுத்து வந்தாரு இல்லையா, அது மொதல் தாள். ஒரு பக்கம் ஆராய்ச்சியோட பேரு, அதுக்குக் கீழ அவரு பேரு. "கடலைக் கேட்கிற பெண்கள்"னு அதுக்கு அர்த்தமாம். மறுபக்கம் பறங்கிக்காய் விவரம், கீழ எங்க ஆறு பேரு பேரு.

மறு வருசம் லிஸ்பன்ல இருந்து கடுதாசி வந்துச்சு. அந்த மனுசன் மறக்கலை பாருங்க! உசுரோட இருக்கியா, ஆராய்ச்சியை அனுப்பு, நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்குன்னு எழுதியிருந்தாரு. சந்தியாகு சார் எட்டு மாசம் திரும்ப எழுதிப் பாத்தாரு. பாட்டுங்க ஞாபகத்துல இருந்துச்சு. எந்தச் சுவடியில எந்தப் பக்கம்ங்கற கணக்குக் குறிப்பு ஒண்ணும் இல்லை. மலாக்காச் சாமியாரும் செத்துட்டாரு, அவரு புத்தகங்க போன இடம் தெரியலை. அது இல்லாட்டி அங்க சேத்துக்க மாட்டாங்களாம். கடைசியில ஒரு கார்டுல நாலு வரி எழுதினாரு. என்ன எழுதினீங்கன்னு கேட்டேன். "இன்னும் தயாராகலைன்னு எழுதினேன்"னாரு.

"நடந்ததை எழுதறதுதானே?"

"பறங்கிக்காய்க்கு எழுதிக் குடுத்துட்டேன்னா எழுதச் சொல்றே?"

அப்புறம் அங்க இருந்து கடுதாசி வரலை. இவரும் போடலை.

வேலைக்கு மனுப் போட்டாரு. பட்டம் இருக்கான்னு கேட்டாங்க. இல்லை. சண்டைக் காலத்துல என்ன பண்ணினேன்னு கேட்டாங்க. அம்மாசிக் கங்காணி சாட்சிக் கையெழுத்துப் போட்டாரு, பெருமையா. டவுன் பள்ளிக்கூடத்துல தோட்டக்கலை வாத்தியார் வேலை குடுத்தாங்க. பதினேழு வருசம் அந்த வேலைதான். கல்யாணம் பண்ணிக்கலை. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவாரு, அப்புறம் எங்க வீட்டுல ஒரு வாய் சோறு. பறங்கிக்காய் மட்டும் இலையில வைக்க விட மாட்டாரு. நான் ஒருநாள் மனசு தாங்காம, "எங்களாலதானே உங்க பொழைப்பு போச்சு"ன்னு அழுதேன். "உம்புருசன் என் காலை மிதிக்கலைன்னா நான் சயாம்ல எலும்பு. நான் அவன் பேரை எழுதலைன்னா அவன் எலும்பு. இதுல யாரு கணக்குப் பாக்கறது?"ன்னாரு. முருகையா அம்பத்தெட்டுல கள்ளு குடிச்சே செத்தான், அது வேற கதை. சயாம்ல சாகலை.

சாகறதுக்குப் பத்து நாளைக்கு முன்னால சார் என்னைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் குடுத்தாரு. "உன் பேரு இருக்கு, நீ வெச்சுக்க"ன்னாரு. கடைசி ரெண்டு நாளு அவரு பேசினது முழுக்க அந்தப் பாஷை. ஆஸ்பத்திரியில யாருக்கும் ஒரு வார்த்தை புரியலை. நான் பக்கத்துல உக்காந்து ஊம் கொட்டிக்கிட்டே இருந்தேன். பேசறதுக்கு ஆளு இல்லைன்னு அந்த மனுசன் போகக் கூடாது பாருங்க.

இப்பச் சொல்லுங்க, போட்டோவுக்குக் கீழ பறங்கிக்காய்னு பாத்தா எனக்கு எப்படி இருக்கும்?

மறுநாள் அந்தத் தாளை முந்தானையில முடிஞ்சுக்கிட்டுத் தலைமை ஆசிரியர் மனோகரன்கிட்ட போனேன். சின்ன வயசு, நல்ல பிள்ளை. நாற்காலி போட்டு உக்கார வெச்சாரு. "தம்பி, சார் தோட்டக்காரர் இல்ல, பெரிய பண்டிதரு. எழுதினதை மாத்துங்க"ன்னேன்.

"மாத்திரலாம்மா. எழுத்துல ஏதாவது ஆதாரம் இருக்கா?"

பிரிச்சுக் குடுத்தேன். அவரு கையில வந்த பக்கம் மலாய்ப் பக்கம். கவனமா வாசிச்சாரு. "அருமையா எழுதியிருக்காரே! லாபு, இலை, பூச்சி, மழை. இதைக் கண்ணாடி போட்டு போட்டோ பக்கத்துலயே மாட்டலாம்மா"ன்னாரு.

"அதுல்ல தம்பி, திருப்புங்க. பின்பக்கம் பாருங்க."

திருப்பினாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. இங்கிலீசும் இல்லை, மலாயும் இல்லை. உதட்டை அசைச்சு அசைச்சுப் பாத்தாரு, ஒண்ணும் ஓடலை. "இது என்னதும்மா?"

போர்த்துக்கீசுன்னு சொல்லணும். எத்தனையோ தடவை சார் வாயால கேட்ட பேரு, அந்த நேரத்துல எனக்கு வாயில வரலை. எங்க சனம் சொல்ற பேருதான் வந்துச்சு.

"பறங்கி"ன்னேன்.

அவரு முகம் தெளிஞ்சுச்சு. தாளைப் பத்திரமா மடிச்சு என் கையில குடுத்தாரு.

"அதைத்தானேம்மா நாங்களும் போட்டிருக்கோம்"னாரு.